பத்துக் கால் நின்றது, நான்கு கால் இற்றது: சோழவந்தான் பக்கத்துக் கொட்டகை ஒன்றின் மரக் கணக்கு

சோழவந்தானுக்கும் வாடிப்பட்டிக்கும் இடையில், பெரியாறு பாசனத் தண்ணீர் பாயும் தென்னந்தோப்பு ஒன்றில் இருக்கிறது அந்த மாட்டுக் கொட்டகை. 2018இல் கட்டியது. 14 சவுக்குக் கால்கள், மலைவேம்பில் கைமரம், அதன்மேல் ரீப்பர் அடித்து வேய்ந்த ஓடு. 2024 ஐப்பசி மழை ஓய்ந்த கையோடு வடகிழக்கு மூலை ஒரு சாண் இறங்கிவிட்டது. ஓடு சரிந்து ஒரு கன்றுக்குட்டிக்கு முதுகில் அடி. நல்ல வேளை, ஆட்கள் யாரும் உள்ளே இல்லை.

தோப்புக்காரரின் ஆதங்கம் நியாயமானது. "மருந்து ஏத்துன கம்புன்னு சொல்லி சாதாரணக் கம்பைவிட ரெண்டு மடங்கு காசு வாங்குனாங்கண்ணே. உங்க ஆயுசுக்கும் நிக்கும்னாங்க. ஏழு வருசம்கூட நிக்கல. டூப்ளிகேட்தானே இது?" விற்ற மரவாடிமேல் வழக்குப் போடலாமா என்றும் கேட்டார். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் கம்பைப் பிடுங்கி அறுத்துப் பார்த்தால்தான் முடியும் என்றேன். சம்மதித்தார்.

இதை விரிவாக எழுத ஒரு காரணம் உண்டு. ஒரே மண், ஒரே மழை, ஒரே கூரை. அதற்குள் நான்கு விதமாகக் கவனிக்கப்பட்ட மரங்கள் ஆறு வருடம் சேர்ந்து இருந்திருக்கின்றன. கால்களுக்குத் தொழிற்கூடத்தில் அழுத்தம் கொடுத்து ஏற்றிய மருந்து. கைமரங்களுக்குத் தோப்பிலேயே தொட்டி கட்டி ஊறவைத்த வெங்காரக் கரைசல். ரீப்பருக்கு டிராக்டரில் இறக்கிய கழிவு ஆயில். முகட்டு விட்டத்துக்கு ஒன்றுமே இல்லை. தாத்தா காலத்து வீட்டைப் பிரித்தபோது எடுத்து வைத்த பனஞ்சட்டம். இப்படி ஒரு ஒப்பீடு கேட்டாலும் கிடைக்காது.

கால்களில் தெரிந்தது

முதலில் சுத்தியல் பிடியால் தட்டிப் பார்த்தோம். 10 கால்கள் 'ணங்'கென்று கெட்டியாகப் பேசின. நான்கு கால்கள் 'தொப்'பென்றன. அந்த நான்கையும் சுற்றித் தோண்டினோம். மண் மட்டத்துக்கு ஓர் அடி கீழே கடப்பாரை பட்டதும் ஒரு கம்பு அப்படியே உடைந்து வந்தது. பார்த்தால், வெளி ஓடு பச்சை படர்ந்த நிறத்தில் சேதமில்லாமல் இருக்கிறது. உள்ளே மரமே இல்லை, குழாய்க்குள் மண்ணை அடைத்தது போலக் கரையான் மண். கையால் கிள்ளினால் உதிர்கிறது. ஆனால் அதைச் சுற்றியிருந்த விரல் கனப் பச்சை வளையத்தில் கரையான் ஒரு கடி கூடக் கடிக்கவில்லை.

நின்ற கம்பு ஒன்றையும் இற்ற கம்பு ஒன்றையும் வட்டமாக அறுத்து, முகத்தை இழைத்து, குரோம் அசுரால் சாயக் கரைசலைத் தெளித்தோம். தாமிரம் இருக்கும் இடம் கருநீலமாக மாறும், இல்லாத இடம் மாறாது. இரண்டு கம்பிலும் வெளியே ஏறக்குறைய 2 சென்டிமீட்டருக்கு நல்ல நீலம், நடுவில் நிறமாற்றம் இல்லை. ஆக, மருந்து போலி இல்லை. இரண்டும் ஒரே தரத்தில் ஏற்றியவைதான். பிறகு ஏன் ஒன்று நிற்கிறது, ஒன்று இற்றது?

விடை ஆசாரியிடம் இருந்தது. வந்தவை எல்லாம் 12 அடிக் கம்புகள், தேவை 9 அடி. பெரும்பாலும் நுனியில் அறுத்துவிட்டார்கள். நான்கு கம்புகளில் மட்டும் அடிப்பக்கம் வளைந்திருந்ததால், வளைவை நீக்க அடியில் மூன்றடி அறுத்து, அறுத்த முகத்தைக் குழிக்குள் இறக்கியிருக்கிறார்கள். "நேராத்தானே நிக்கணும், அதான் அறுத்தோம்" என்றார் ஆசாரி. வேலை தெரிந்தவர், கால்கள் தூக்குக்குண்டு விட்ட மாதிரி நேராகத்தான் நின்றன. ஆனால் மருந்து ஏற்றிய கம்பை எப்படி அறுக்க வேண்டும் என்று விற்றவர் அவருக்குச் சொல்லவில்லை. இந்த விஷயத்தில் ஒரு தவறு என்று சொன்னால் அதுதான்.

மரத்துக்குள் திரவம் போகும் விதத்தைப் பார்த்தால் இது புரியும். மரத்தின் குழல்கள் நெடுக்காக ஓடுகின்றன. அதனால் நெடுக்கே மருந்து சுலபமாகப் பாயும், குறுக்கே மிகக் குறைவாகத்தான் நுழையும். வெளிப்பக்கத்து இளமரமான 'வெள்ளை', மருந்தைக் குடிக்கும். நடுவில் முற்றிய மரமான 'வைரத்தில்' குழல்கள் அடைபட்டிருப்பதால் அது குடிக்காது. எவ்வளவு அழுத்தம் கொடுத்தாலும் வைரத்துக்குள் முழுதாக ஏறாது. ஆனால் கம்பின் இரண்டு முனைகளிலும் நெடுக்கே பாய்ந்த மருந்து ஒரு மூடியைப் போட்டுவிடுகிறது. சுற்றிலும் வளையம், இரண்டு பக்கமும் மூடி: இதுதான் பாதுகாப்பு. அடியை அறுத்தபோது மூடி போய்விட்டது. மருந்தில்லாத நடுமரம் ஈர மண்ணைத் தொட்டுக்கொண்டு நின்றது. மாட்டுக் கோமியமும் கழுவும் தண்ணீரும் தினம் இறங்கும் மண் அது. கரையானுக்கு வாசலைத் திறந்து வைத்ததும் நாம்தான்.

அந்தப் பச்சை வளையம் எதனால் ஆனது

இந்தக் கம்புகளில் ஏற்றியது சி.சி.ஏ. என்று சொல்லப்படும் தாமிரம், குரோமியம், ஆர்சனிக் கலவை. உலகமெங்கும் மின்கம்பம், வேலிக் கம்பம் என்று கோடிக்கணக்கில் நட்ட மரங்களுக்குப் பயன்பட்ட இந்தக் கலவையை 1933இல் உருவாக்கியவர் காமேசம் என்ற இந்தியர், டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில். இது நம் ஊரில் பலருக்குத் தெரியாது, தெரிய வேண்டும். தாமிரம் பூஞ்சணத்தைத் தடுக்கிறது. தாமிரத்துக்கு அசையாத சில பூஞ்சணங்களையும் பூச்சிகளையும் ஆர்சனிக் பார்த்துக்கொள்கிறது. குரோமியத்தின் வேலைதான் சூட்சுமம்: அது மரத்தின் சர்க்கரைப் பொருள்களோடும், மரநாரை ஒட்டிப் பிடிக்கும் லிக்னினோடும் வினைபுரிந்து தன் வடிவம் மாறும்போது மற்ற இரண்டையும் கரையாத உப்பாக மரத்தோடு பிணைத்துவிடுகிறது. மழையில் நனைந்தாலும் பெரும்பகுதி வெளியேறாது. இந்தப் பிணைப்பு நடக்க நாள் வேண்டும். வெயில் ஊரில் சீக்கிரம் நடக்கும், குளிரில் மெதுவாக. அதுவரை மரத்தில் இருப்பது நச்சுத்தன்மை மிகுந்த ஆறிணைதிறக் குரோமியம். ஆகவே ஈரம் சொட்டும் பச்சைக் கம்பை லாரியிலிருந்து வெறுங்கையால் இறக்குவதை நான் எங்கே பார்த்தாலும் நிறுத்தச் சொல்வேன்.

ஏற்றும் முறை இன்னும் பழையது. இங்கிலாந்தில் ஜான் பெத்தல் 1838இல் காப்புரிமை வாங்கியது. இரும்பு உருளைக்குள் காய்ந்த மரத்தை அடுக்கி, கதவைப் பூட்டி, முதலில் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்க வேண்டும். அப்புறம் மருந்தை நிரப்பி அழுத்தம் கொடுக்க வேண்டும். பெத்தல் தார் எண்ணெயான கிரியோசோட்டை ஏற்றினார், ரயில் சிலிப்பர் கட்டைகளுக்கு. இன்றும் அடிப்படை அதேதான். எவ்வளவு மருந்து உள்ளே தங்கியது என்பதை ஒரு கன மீட்டருக்கு இத்தனை கிலோ என்று கணக்கிடுகிறார்கள். அமெரிக்கத் தரத்தில் சி.சி.ஏ.வுக்கு மண்ணைத் தொடாத மரத்துக்கு 4 கிலோ, மண்ணில் நடுவதற்கு 6.4 கிலோ. மரவாடியில் கேட்க வேண்டிய கேள்வி "ட்ரீட்மென்ட் பண்ணதா?" என்பது இல்லை. மண்ணுக்குள் நடவா, மேலேயா, எதற்காக ஏற்றியது என்று கேட்க வேண்டும். மேலே போடுவதற்கு ஏற்றிய கம்பை மண்ணில் நட்டால் மருந்து இருந்தும் பத்தாது.

இன்னொன்றும் தோண்டும்போது கிடைத்தது. கெட்டியாக நின்ற கால்கள் இரண்டில் வெளிப்புறமாக மண் தடம் ஏறியிருந்தது. கம்பை ஒன்றும் செய்யாமல், அதன்மேல் மண்குழல் கட்டிக்கொண்டு, நேராக ரீப்பருக்குப் போயிருக்கிறது கரையான். மருந்து ஏற்றிய மரத்தைக் கரையான் தின்னாது. அதன்மேல் நடக்காது என்று மட்டும் யாரும் நினைத்துவிட வேண்டாம்.

கைமரமும் மஞ்சள் சோதனையும்

எனக்கு இந்தக் கொட்டகையிலேயே மனசுக்குப் பிடித்தது கைமரம்தான். தோப்புக்காரரின் வரப்பில் வளர்ந்த மலைவேம்பு. சீக்கிரம் வளர்ந்த இளமரம், பெரும்பாலும் வெள்ளை, வைரம் குறைவு. அப்படியே போட்டிருந்தால் வண்டு விட்டிருக்காது. அதற்கு அத்தாட்சியும் அங்கேயே இருந்தது: ஊறவைக்காமல் மிச்சமான நாலைந்து சட்டங்களைப் பரணில் போட்டிருந்தார்கள். அவை முழுக்க உளுத்து, தொட்டால் மாவு கொட்டியது. இந்த வண்டுக்கு வேண்டியது வெள்ளையில் இருக்கும் மாவுச்சத்து. நம் ஊரில் அறுப்பதற்கு முன் மரத்தைக் கண்மாயில் மாதக்கணக்கில் ஊறப்போட்டதும் அந்தச் சத்தைக் கரைத்து வெளியேற்றத்தான்.

ஆனால் கூரையில் ஏறிய மலைவேம்பு பத்திரமாக இருந்தது. அறுத்த ஈரம் காய்வதற்குள், தார்ப்பாய் விரித்த தொட்டியில் வெங்காரமும் போரிக் அமிலமும் மூன்றுக்கு இரண்டு என்ற எடையில் வெந்நீரில் கரைத்து ஊறவைத்திருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்தால் தனித்தனியாகக் கரைவதைவிட அதிகம் கரையும். பிறகு எடுத்து அடுக்கி, காற்றுப் படாமல் தார்ப்பாய் போட்டு மூடி, சில வாரம் விட்டிருக்கிறார்கள். அந்த வாரங்களில்தான் வெங்காரத்திலும் போரிக் அமிலத்திலும் உள்ள போரான், மரத்தின் ஈரத்தின் வழியே உள்ளே உள்ளே நகர்கிறது. பச்சை மரத்தில் மட்டுமே இது நடக்கும். காய்ந்த மரத்தின் மேல் இதே கரைசலைப் பூசினால் தோலோடு நின்றுவிடும்.

போரான் எங்கே இருக்கிறது என்று பார்க்க மஞ்சள் போதும். மஞ்சள்தூளை ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டி, அறுத்த முகத்தில் தெளித்துக் காயவிட்டு, அதன்மேல் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சாலிசிலிக் அமிலமும் கலந்த ஸ்பிரிட்டைத் தெளிக்க வேண்டும். போரான் உள்ள இடம் குங்குமமாகச் சிவக்கும். கூரையின் நடுவிலிருந்து எடுத்த துண்டு முகம் முழுக்கச் சிவந்தது, நடுமையம் உட்பட. அழுத்தம் கொடுத்து ஏற்றிய சவுக்கில்கூட மருந்து நடுவுக்குப் போகவில்லை. தொட்டியில் ஊறிய மலைவேம்பில் போயிருக்கிறது.

அதே கைமரத்தின் இறவாண முனையை அறுத்துத் தெளித்தோம். மஞ்சளாகவே இருந்தது. முனையிலிருந்து ஒரு முழம் வரை சிவப்பே இல்லை, அதற்கப்புறம் மெல்ல மெல்லச் சிவப்பு கூடியது. ஓட்டைத் தாண்டி நீட்டிய முனைகளில் ஆறு வருடச் சாரல் பட்டு போரானைக் கழுவிவிட்டது. பாதி முனைகள் மக்கி, திருப்புளி குத்தினால் உள்ளே இறங்கியது. போரான் மரத்தோடு பிணைவதில்லை; எப்படித் தண்ணீரில் நுழைந்ததோ அப்படியே தண்ணீரில் வெளியே வந்துவிடும். கூரைக்குள், நிலைக்கதவில், கட்டிலில், அலமாரியில் இதைவிட நல்ல, மனிதருக்குத் தீங்கு குறைந்த மருந்தை நான் பார்த்ததில்லை. மழை படும் இடத்துக்கும் மண்ணுக்கும் இது ஆகாது.

ரீப்பரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கழிவு ஆயில் தோலுக்குக் கீழே ஒரு தாள் கனம்கூடப் போகவில்லை. கறுப்புத் தோல் பளபளப்பாக இருக்க, உள்ளே கரையான் முடித்துவிட்டது. மூலை இறங்கியபோது ஓடு அத்தனை சரிந்ததற்கு ரீப்பரும் ஒரு காரணம். பனஞ்சட்டத்தில் உள்சோற்றைச் செதுக்கி எடுத்து வெளிவைரத்தை மட்டும் வைத்திருந்தார்கள் அந்தக் காலத்து ஆட்கள். ஒரு மருந்தும் படாமல், இரண்டாவது கூரையில், ஆணி இறங்க மறுக்கும் அளவுக்கு இருந்தது. எந்த மரமானாலும் வெள்ளைக்கு இயற்கையான தாங்குசக்தி கிடையாது, தேக்கில்கூட. மரத்தின் ஆயுள் என்று நாம் சொல்வதெல்லாம் வைரத்தின் ஆயுள். இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 401 மரங்களை வகைப்படுத்துவதும் மண்ணில் நட்டு எத்தனை காலம் நிற்கிறது என்று பார்த்துத்தான்: சராசரி 120 மாதமும் அதற்கு மேலும் நின்றால் முதல் வகுப்பு, 60 முதல் 120 வரை இரண்டாவது, 60க்குக் கீழே மூன்றாவது.

மருந்து ஏற்றினால் மரம் பலவீனமாகுமா

தோப்புக்காரரின் மகன் பொறியியல் படித்தவர். இந்தக் கேள்வியைக் கேட்டவர் அவர். ஓரளவு ஆகும் என்பதுதான் சரியான பதில். சி.சி.ஏ. போன்ற நீரில் கரையும் உப்பு மருந்துகள் மரத்தின் சர்க்கரைச் சங்கிலிகளை லேசாக அரிக்கின்றன. விறைப்பு ஏறக்குறைய மாறாது. வளைவு வலிமை கொஞ்சம் குறையும். திடீர் அடியைத் தாங்கும் சக்திதான் கூடுதலாகக் குறையும். மருந்தின் அளவு கூடினாலும், ஏற்றிய பிறகு சூளையில் அதிக வெப்பத்தில் காய வைத்தாலும் இழப்பு கூடும். நிழலில் காற்றாட உலர்த்தினால் பெரிதாக இருக்காது. கிரியோசோட் போன்ற எண்ணெய் மருந்துகள் மரத்தின் செல்சுவரோடு வினைபுரிவதில்லை. சூடாக்கும் முறையால் வரும் இழப்பைத் தவிர வலிமை அப்படியே இருக்கும். இந்தக் கொட்டகை அளவுக்கு ஓட்டுப் பாரத்தைத் தாங்க இதெல்லாம் கணக்கே இல்லை. கைமரத்தில் ஒரு பெரிய கணு இருந்தால் மருந்து செய்வதைவிட அது செய்யும் சேதம் அதிகம்.

நான் கவலைப்பட்டது ஆணிகளைப் பார்த்து. காலின் தலையில் கைமரத்தைப் பிடித்த சாதாரண இரும்பு ஆணிகள் பாதி கனமாக அரித்திருந்தன. மருந்து ஏற்றிய மரத்தில் தாமிரம் இருக்கிறது. ஈரம் சேர்ந்தால் இரும்போடு மின்வேதி அரிப்பு தொடங்கிவிடும். ஆர்சனிக் இல்லாத புதிய தாமிர மருந்துகளில் தாமிரம் இன்னும் அதிகம், அரிப்பும் அதிகம். அங்கெல்லாம் கனமான துத்தநாகப் பூச்சுள்ள ஜி.ஐ. ஆணி, போல்ட் அல்லது எவர்சில்வர்தான் போட வேண்டும். வெங்காரம் ஏற்றிய கைமரத்துக்குள் இருந்த ஆணிகள் ஏறக்குறைய புதிதாக இருந்தன.

சாம்பல்

கம்புகளில் மூன்றடி மூன்றடியாக அறுத்த துண்டுகள் எங்கே என்று கேட்டேன். "வெந்நி அடுப்புக்குப் போயிருச்சு, நல்லா எரியும்" என்றார் தோப்புக்காரரின் அம்மா. சாம்பலை என்ன செய்தீர்கள் என்றேன். பாத்திரம் தேய்த்தது போக மிச்சத்தைக் கத்தரிச் செடிக்குப் போட்டதாகச் சொன்னார்.

இதை யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மரத்தோடு பிணைந்து கிடக்கும் ஆர்சனிக், நெருப்பில் விடுபடுகிறது. ஒரு பங்கு புகையில் போகிறது, மீதி சாம்பலில் செறிகிறது. கட்டையாக இருக்கும்போது கரையாதது, சாம்பலானதும் தண்ணீரில் கரையும். அதில் உப்புச்சுவை இருப்பதால் மாடு தேடிப் போய் நக்கும். வெளிநாடுகளில் வேலிக் கம்பங்கள் எரிந்த சாம்பலை நக்கி மாடுகள் செத்திருக்கின்றன. மாட்டுக் கொட்டகைக்கு வாங்கிய கம்பில் மிஞ்சியதை அடுப்பில் வைப்பதன் ஆபத்து இதுதான். அமெரிக்காவில் வீடு, விளையாட்டுத் திடல் போன்ற இடங்களுக்கான மரத்தில் சி.சி.ஏ. ஏற்றுவதை 2003 கடைசியோடு நிறுத்தியதற்கும் இந்த ஆர்சனிக் கவலைதான் காரணம். மண்ணில் நட்ட கம்பிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றுமண்ணில் இறங்கத்தான் செய்யும். அதனால் தீவனத் தொட்டி, மாடு கடிக்கும் குறுக்குச் சட்டம், கிணற்றுக் கட்டை எதற்கும் இந்த மரம் கூடாது.

பரணில் இன்னும் இருந்த சவுக்குத் துண்டுகளைத் தனியாக எடுத்துக் கட்டி, சிவப்புப் பெயின்டில் 'எரிக்காதே' என்று எழுதி வைத்தோம். அவற்றை மண்ணில் படாத வேலைகளுக்கு மட்டும் பயன்படுத்தலாம். பழைய அடுப்புச் சாம்பலைத் தோண்டி எடுத்து இரட்டைச் சாக்கில் கட்டச் சொன்னேன். கத்தரிப் பாத்தியில் இனிக் காய்கறி வேண்டாம் என்று அம்மாவிடம் கெஞ்சித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

திருத்திய விதம்

நான்கு கால்களையும் தூக்கிவிடவில்லை. மண் மட்டத்துக்கு மேலே ஓர் அடி வரை வெட்டி எடுத்துவிட்டு, மேலூர்ப் பக்கத்துக் கருங்கல்லில் குட்டைக் கல் நட்டு, ஜி.ஐ. தகட்டுக் காலணியில் கம்பை நிறுத்தினோம். வெட்டிய முகத்துக்குத் தாமிர நாப்தனேட் என்ற பூசும் மருந்தைத் தாராளமாக மூன்று முறை பூசினோம். அழுத்தத்தில் ஏற்றியதற்கு இது ஈடில்லை. ஆனால் இனி அந்த முகம் ஈர மண்ணைத் தொடாது. அறுத்தே தீர வேண்டுமானால் அறுத்த பக்கம் மேலே, தொழிற்கூட முனை கீழே என்பது இப்போது ஆசாரிக்கும் மனப்பாடம். இறவாணத்தில் மக்கிய முனைகளை வெட்டிவிட்டு, ஓட்டை ஒரு வரிசை நீட்டி, கைமர முனை ஓட்டுக்கு உள்ளே நிற்கும்படி செய்தோம். ரீப்பர் முழுவதும் புதிது, வெங்காரத் தொட்டியில் ஊறியது. கால்களின் அடியில் தண்ணீர் தேங்காமல் சரிவாகத் தளம் போட்டாயிற்று. மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சணம் பிடிக்காது. மருந்துக்கு முன்னால் செய்ய வேண்டியது அந்தத் தளம்தான்.

மரவாடிமேல் வழக்கு வேண்டாம் என்று தோப்புக்காரருக்குச் சொல்லிவிட்டேன். கம்பு சரியானது. ஆனால் அடியை அறுக்காதே, எரிக்காதே என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுக்காமல் இந்த மரத்தை விற்பது சரியில்லை என்பதை நேரில் போய்ச் சொன்னோம். அவர்கள் இப்போது கம்பின் அடிமுனையில் மஞ்சள் பெயின்ட் அடித்து அனுப்புகிறார்கள். நின்ற பத்துக் கால்களையும் வருடம் ஒருமுறை, கார்த்திகை மழைக்குப் பிறகு, மண் மட்டத்தில் ஒரு சாண் தோண்டிப் பார்க்க வேண்டும். மண் தடம் இருந்தால் தட்டிவிட வேண்டும்.